யாரு வீட்டுப் பிள்ளை? எந்த வருஷத்து செட்? – சிறுநகரிலும் மாநகரிலும் ஊர்க்கூட்டு



‘ஊர் கூடித் தேர் இழுக்கணும்' என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். தேரைப் பார்த்திருக்கிறோம். வடத்தையும் பிடித்திருக்கிறோம். ஆனால் அந்த ‘ஊர்' என்பது யார் யார், அவர்கள் எப்படிக் கூடினார்கள் என்று நாம் அவ்வளவாகக் கேட்டதில்லை. மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லிச் சங்கத்தார் கேட்டவுடன், வரலாறு படித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது என்று பட்டது.

காரணம் உண்டு. நம் கல்லூரிக்குச் சிறுநகரிலிருந்து வந்தவர்களும் உண்டு, மாநகரில் பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. விடுதி மெஸ்ஸில் இந்த இரண்டு கட்சியும் நடத்தாத பட்டிமன்றம் கிடையாது. ‘எங்க ஊர்ல ஒரு வீட்ல துக்கம்னா ஊரே வந்து நிக்கும்ல' என்பான் ஒருவன். ‘ஆமாப்பா, ஒருத்தன் சிகரெட்டைப் பத்த வெச்சாலும் ஊரே வந்து நிக்கும்' என்பான் இன்னொருவன். சாம்பார் ஆறிப் போகும் வரை வழக்கு நடக்கும். தீர்ப்பு வந்ததே இல்லை.

அந்தத் தீர்ப்பை வரலாற்றிடம் கேட்டுப் பார்க்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு கேள்விகள்

சிறுநகரத்து பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீக்கடைப் பக்கம் ஒதுங்கினால் பெரியவர் ஒருவர் கேட்பார்: ‘தம்பி, நீ யாரு வீட்டுப் பிள்ளை?' பதில் சொன்னால் போதும். டீக்குக் காசு வாங்க மாட்டார்கள். சொல்லத் தெரியாவிட்டால் அன்று முழுக்க நாம் அசலூர்க்காரர்தான்.

மாநகரில் முதல் சந்திப்பில் வேறு கேள்வி வரும்: ‘ஸார் எங்கே வேலை? எந்தக் காலேஜ்? எந்த வருஷத்து செட்?' இதற்கும் பதில் சொன்னால் ஓர் உறவு பிறக்கும். ஆனால் இது நாம் பிறந்ததால் வந்த உறவு அன்று. நாம் போய்ச் சேர்ந்ததால் வந்த உறவு.

பிறப்பால் வரும் கூட்டு, சேர்க்கையால் வரும் கூட்டு – சிறுநகருக்கும் மாநகருக்கும் உள்ள வேற்றுமையை இப்படிச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் பெர்டினாண்ட் டோனீஸ் 1887-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். உறவும் மண்ணும் பழக்கமும் சேர்த்து வைத்த வாழ்வு ஒன்று. ஒப்பந்தமும் காரியமும் சேர்த்து வைத்த வாழ்வு இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு உலகம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

நம் தென் மாவட்ட வரலாற்றைப் புரட்டினால் கதை இத்தனை நேர்கோட்டில் போகவில்லை. அதைக் காட்ட இரண்டே இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று விருதுநகர். மற்றொன்று திருநெல்வேலி. 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை போட்டபோது இரண்டு ஊருக்கும் ஒரே காலத்தில் ரயில் வந்தது. நெல்லைக்கு மணியாச்சியிலிருந்து கிளை பிரிந்தது.

எது சிறுநகர், எது மாநகர் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர்களிடம் கேட்டால் சட்டென்று பதில் வரும். குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். வேலை பார்க்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேர் விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால், நகராட்சி என்ற பெயர்ப் பலகை இல்லாவிட்டாலும் அவர்கள் கணக்கில் அது நகரம்தான். 1 லட்சத்தைத் தாண்டினால் முதல் வகுப்பு நகரம், அதாவது ‘சிட்டி'. 2011 கணக்கெடுப்பில் விருதுநகரில் 72 ஆயிரம் பேர். திருநெல்வேலி மாநகராட்சியில் 4 லட்சத்து 73 ஆயிரம் பேர். சென்னையோடு ஒப்பிட்டால் நெல்லை சிறியதுதான். ஆகவே ஒன்றைச் சிறுநகர் என்றும் மற்றொன்றைச் சிறு மாநகர் என்றும் வைத்துக்கொள்வோம்.

பிடி அரிசியில் ஒரு பள்ளிக்கூடம்

விருதுநகர் ஒரு காலத்தில் விருதுபட்டி. 1923-ல்தான் ‘பட்டி' போய் ‘நகர்' வந்தது. பெயரை மாற்றிக்கொண்டதிலேயே ஊராரின் ஆசை தெரிகிறது. வியாபாரம்தான் அந்த ஊரின் உயிர். பருத்தி, மிளகாய், பருப்பு, எண்ணெய் என்று சரக்கு வந்து குவியும். விருதுநகர் மார்க்கெட் விலை நிலவரத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தான் மற்ற ஊர்க் கடைக்காரர்கள் விலை சொல்வார்கள்.

இந்த வியாபாரம் சும்மா வளரவில்லை. மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு நாள் கணக்கில் பயணம் செய்த அந்தக் காலத்து நாடார் வியாபாரிகளுக்கு வழிப்பறிப் பயம் இருந்தது. ஆகவே வண்டிகளை நிறுத்தி இரவு தங்கச் சுற்றுச்சுவரோடு ‘பேட்டை'கள் கட்டினார்கள். அவற்றுக்குச் செலவு யார் தருவது? அங்கே வந்து போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் இத்தனை என்று ஒரு சிறு தொகையைப் பொதுவில் போட்டார்கள். அதுதான் ‘மகமை'. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலான ஊர்களில் இந்த மகமையை நிர்வகித்தது ‘உறவின்முறை' என்ற சபை. குடும்பத் தலைவர் ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர். வழக்கு என்றால் கோர்ட்டுப் படி ஏறுமுன் அங்கே பேசித் தீர்ப்பார்கள். கோயில் திருவிழா, கிணறு, சத்திரம் எல்லாம் அந்தப் பணத்திலேதான்.

பிறகு அந்தப் பணம் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியது. 1889-ல் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்யாசாலை தொடங்கியது. மகமையோடு ‘பிடி அரிசி'யும் சேர்ந்தது. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள் வீட்டுப் பெண்கள். அந்த அரிசியைச் சேகரித்து விற்ற காசு பள்ளிக்கூடத்துக்கு. நன்றாகக் கவனியுங்கள்: செல்வர் ஒருவர் எழுதிக்கொடுத்த சொத்தை மட்டும் நம்பி நடந்த பள்ளி அன்று அது. பல நூறு அடுப்படிகளில் ஒதுக்கப்பட்ட அரிசியும் அதைத் தாங்கியது. கணக்குப் புத்தகத்தில் பெயர் ஏறாத தாய்மார்களும் அந்தப் பள்ளியின் நிறுவனர்களே.

அங்கே படித்த ஒரு சிறுவன் பிற்பாடு நாடறிந்தவரானார். 1903-ல் பிறந்த காமராசர்தான் அவர். தந்தையை இழந்து, படிப்பை இடையில் விட்டு, தாய்மாமன் துணிக்கடைக்குப் போனவர். 1954-ல் முதலமைச்சரானார். 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஆரம்பத்தில் அது ஊராரிடம் அரிசியும் பணமும் திரட்டித்தான் நடந்தது. அரசாங்கப் பணம் பின்னால் வந்து சேர்ந்தது. அதற்கடுத்து வந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், கட்டடம் என்று ஊரார்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிடி அரிசிப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு ‘ஊர் தரும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று நாம் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நாடு விடுதலை பெற்ற 1947-லேயே அந்த ஊர் தனக்கென்று ஒரு கல்லூரியையும் கட்டிக்கொண்டது.

இது சிறுநகரின் பெருமை. ஒருவரையொருவர் தெரிந்திருப்பதால் வந்த பெருமை. மூட்டைக் கணக்கை மறைக்க முடியாது. பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியும். பிடி அரிசி போடாமல் தப்ப முடியாது. எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியும்.

கட்டும் கட்டுப்பாடும்

நிற்க. இதே கதைக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது. வாழ்த்து மடல் ஆகிவிடும்.

உறவின்முறை இத்தனை இறுக்கமாக இருந்ததற்கு ஒரு காரணம், வெளியே கதவுகள் அடைபட்டிருந்தது. 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காக வழக்குத் தொடரப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையே 1899 ஜூன் மாதம் சிவகாசி தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. காசு இருந்தும் கல்வி இருந்தும், சாமி கும்பிட உள்ளே விடமாட்டோம் என்று சொன்னவர்கள் வெளிநாட்டார் அல்லர். அவர்களும் அந்தந்த ஊர்க்காரர்களே. அவர்களும் ‘ஊர் கூடி'த்தான் அப்படி முடிவெடுத்தார்கள்.

தமிழில் ‘கட்டு' என்ற சொல்லைப் பாருங்கள். ‘ஊர்க்கட்டு' என்றால் ஒற்றுமை. ‘ஊர்க்கட்டுப்பாடு' என்றால் இன்னாரோடு பேசாதே, இன்னாருக்குத் தண்ணீர் கொடுக்காதே என்ற தடையும் ஆகும். ஒரே கயிறுதான். சுமையைத் தூக்கவும் அதே கயிறு, ஆளைக் கட்டவும் அதே கயிறு. ‘யாரு வீட்டுப் பிள்ளை?' என்ற அன்பான கேள்விக்குள் ‘எந்தத் தெருப் பிள்ளை?' என்ற கூர்மையான கேள்வியும் ஒளிந்திருக்கிறது. நம்மில் சிலருக்கு அந்தக் கேள்வி காதில் தேனாய் விழுந்தது. சிலருக்கு அது தொண்டையில் முள். இரு சாராரும் இதே விடுதியில் ஒரே பந்தியில்தான் சாப்பிட்டோம். ஆனால் இதைப் பற்றிப் பேசிக்கொண்டது குறைவு.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். வித்யாசாலையின் கதவை அவர்கள் தம் மக்களுக்கு மட்டும் என்று வைக்கவில்லை. மற்றச் சமூகத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். மகமை கொடுத்தது ஒரு சமூகம், அதன் பயன் பல சமூகங்களுக்கு. பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவர்கள், தாங்கள் கட்டிய கதவைத் திறந்து வைத்தார்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றபோது அந்தச் சிறு குழுவில் விருதுநகர்க்காரர் ஒருவரும் இருந்தார். சிறுநகரின் கதை அடைபட்ட கதை மட்டும் அன்று.

ஆற்றுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும்

இனி நெல்லைக்கு வருவோம். திருநெல்வேலி ஒரு ஊராக வளரவில்லை. தாமிரபரணிக்கு மேற்கே திருநெல்வேலி, கிழக்கே பாளையங்கோட்டை. ஒன்று நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளின் ஊர். மற்றது கோட்டையும் கச்சேரியும் பள்ளிக்கூடங்களும் உள்ள ஊர். நடுவில் ஆறு. கடக்கப் படகுதான். படகில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு நடக்கும். கைகலப்பில் ஆள் இறந்த சம்பவமும் உண்டு.

பாலம் கட்டலாம் என்று யோசனை வந்தது. பொதுமக்களிடம் வசூல் செய்து கட்டுவது என்று பேச்சு. அப்போது கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்தவர் சுலோசன முதலியார். செலவின் பெரும்பகுதியைத் தாமே ஏற்றுக்கொண்டார். அந்தக் காலத்து ரூபாயில் ஐம்பதாயிரத்தையொட்டிய தொகை! கேப்டன் ஹார்ஸ்லியின் திட்டப்படி, பதினொரு வளைவுகளோடு 1843-ல் பாலம் திறக்கப்பட்டது. மனைவியின் நகைகளையும் அவர் கொடுத்தார் என்று நெல்லையில் கதை வழங்குகிறது. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. சுலோசன முதலியார் நெல்லை மண்ணில் வேர்விட்ட குடும்பத்தவர் அல்லர். உத்தியோக நிமித்தம் தொண்டை மண்டலத்திலிருந்து வந்தவர். ‘யாரு வீட்டுப் பிள்ளை?' என்று கேட்டால் அவர் அசலூர்க்காரர். ஊரின் இரண்டு கரையையும் சேர்த்தவர் அந்த அசலூர்க்காரர்தான்.

பாலம் வந்த பிறகு, கரைக்கு ஒன்றாகக் கல்விக்கூடங்கள் எழுந்தன. நெல்லையில் 1861-ல் பள்ளியாகத் தொடங்கிய இந்துக் கல்லூரி 1878-ல் கல்லூரியானது. பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரி, பெண்களுக்கு சாராள் தக்கர் கல்லூரி, 1923-ல் தூய சவேரியார் கல்லூரி என்று வரிசை நீண்டது. பார்வையற்றோர்க்கும் காது கேளாதோர்க்கும் தனிப் பள்ளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அங்கே வந்துவிட்டன. ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பாளையங்கோட்டைக்குப் பெயர் வந்தது இப்படித்தான். எட்டயபுரத்து பாரதி நெல்லையில் வந்து படித்தார். புதுமைப்பித்தன் இந்துக் கல்லூரியில்தான் பி.ஏ. முடித்தார். சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து டிரங்குப் பெட்டியும் படுக்கையுமாக வந்த பிள்ளைகளால் அந்த மாநகர் உருவானது.

அப்படி உருவான ஊர், அசலூர்க்காரருக்காக எழுந்து நிற்குமா? 1908-ல் நின்றது. ஒட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரம் பிள்ளையும் வத்தலக்குண்டு சுப்பிரமணிய சிவாவும் மார்ச் 12 அன்று கைதானார்கள். இருவருமே நெல்லையில் பிறந்தவர்கள் அல்லர். மறுநாள் மார்ச் 13, கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன் தீக்கு இரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டனர். பிறகு தண்டக் காவல் படையை நிறுத்தி, அதன் செலவை ஊரார் தலையிலேயே கட்டியது அரசாங்கம். தீவைப்பை நான் போற்றவில்லை. ஆனால் பெரும்பாலோர் நேரில் பேசியே இராத இரண்டு மனிதருக்காக ஒரு மாநகர் தன் கடையை அடைத்தது, அடி வாங்கியது, வரியும் கட்டியது. இதற்குப் பெயர் ஊர்ப்பற்று இல்லையென்றால் வேறு என்ன?

1920-ல் அதே நெல்லையில் தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தோன்றியது. பங்குதாரர்களைச் சேர்த்து, கம்பெனியாகப் பதிவு செய்து, தமிழ் நூல் அச்சிட்டார்கள். விருதுநகரில் மூட்டைக்கு மகமை. நெல்லையில் புத்தகத்துக்குப் பங்கு. முன்னதில் சேர அந்தச் சமூகத்தில் பிறந்திருக்க வேண்டும். பின்னதில் சேரப் பணமும் தமிழார்வமும் வேண்டும். 1994-ல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் இணைத்து மாநகராட்சி ஆக்கினார்கள். சட்டம் அன்றைக்கு இணைத்ததை, பாலம் 151 ஆண்டுகளுக்கு முன்பே இணைத்துவிட்டது.

நிறையும் குறையும்

மெஸ்ஸில் நடந்த வழக்குக்கு இப்போது திரும்பலாம். சிறுநகரில் கடன் வாங்க ஜாமீன் வேண்டாம், முகமே ஜாமீன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிரசவ வலி என்றால் காருக்கு ஆள் வரும். ஒரு வீட்டில் சாவு என்றால் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் கல்லூரி விட்டு அரை மணி நேரம் தாமதமாக வரும் பெண்பிள்ளை வீட்டை அடையுமுன் செய்தி வீட்டை அடைந்துவிடும். வேறு தொழில், வேறு துணை, வேறு நினைப்பு என்று ஒருத்தர் கிளம்பினால், உதவிய அத்தனை கையும் தடுக்கும் கையாகிவிடும்.

மாநகரில் மூச்சுவிட இடம் உண்டு. அப்பா செய்த தொழிலைச் சொல்லாமல் ஒருத்தர் தலைநிமிர்ந்து நடக்கலாம். லைப்ரரியில் பக்கத்து நாற்காலிக்காரரின் ஜாதகம் நமக்கு வேண்டியதில்லை. ஆனால் மாடி வீட்டுப் பெரியவர் மூன்று நாளாகக் கீழே இறங்கவில்லை என்பதைக் கவனிக்க ஆள் இருக்காது. ‘அவங்க யாருன்னே தெரியாது ஸார்' என்பது அங்கே சாதாரண வாக்கியம்.

லைப்ரரி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்காக உழைத்தவர். சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்கென்று வந்த முதல் சட்டம் அது. வீட்டு வரியோடு ஒரு சிறு பங்கு நூலக வரியாக வசூலிக்க ஏற்பாடு. யோசித்துப் பார்த்தால் அதுவும் மகமைதானே! ஒவ்வொருவரிடமும் கொஞ்சம், பொதுவில் ஒரு பானை. ஒரே வித்தியாசம்: நூலகத்து வாசலில் நிற்கும் பிள்ளையிடம் அப்பன் பெயரை வைத்துத் தகுதி பார்க்க மாட்டார்கள். மாநகரின் சிறப்பு சிறுநகரின் பழக்கத்தை ஒழித்ததில் இல்லை. அந்தப் பழக்கத்தை எடுத்து, தெரியாத மனிதருக்கும் நீட்டியதில் இருக்கிறது. டோனீஸ் இரண்டாகப் பிரித்ததை நம் ஊர்கள் இப்படித்தான் முடிச்சுப் போட்டன.

பலகை மாறினால் போதுமா?

அண்மைக் காலத்தில் பல சிறுநகரங்கள் மாநகராட்சி ஆகிவிட்டன. 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சி ஆனது. அதே ஆண்டில் கும்பகோணம், 2024-ல் காரைக்குடி. மகிழ்ச்சிதான். ஆனால் பலகையை மாற்றுவது பெயிண்டர் வேலை. மனசை மாற்றுவது தலைமுறை வேலை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்கலாகாது. தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் தங்கள் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன் பின் அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' இருக்கும் அதே மாவட்டத்தில்! ‘எந்த செட்?' என்று கேட்க வேண்டிய வகுப்பறைக்குள் ‘எந்தக் கயிறு?' என்ற கேள்வி புகுந்துவிட்டது. மாநகரின் பள்ளிக்கூடத்துக்குள் சிறுநகரின் நல்ல பழக்கம் வராமல், அதன் கெட்ட பழக்கம் மட்டும் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மனம் சோர்ந்துவிடாமல் இருக்க அதே ஆண்டிலிருந்து இன்னொரு சம்பவம். 2023 டிசம்பர் 17 அன்று நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பேய்மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம். ஏறக்குறைய 800 பயணிகள். வெளியிலிருந்து உதவி எட்டுவதற்கு முன்பே பக்கத்திலிருந்த புதுக்குடி ஊரார் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தான், அவர்களுக்கும் கரண்ட் இல்லை. பந்தியில் உட்கார்ந்தவரிடம் ‘நீ யாரு வீட்டுப் பிள்ளை?' என்று கேட்டுவிட்டா இலை போட்டார்கள்? மாநகரின் மனசு ஒரு சின்னக் கிராமத்தில் இருந்தது. ஆகவே, இந்த வழக்கில் ஊரின் அளவு முக்கியமில்லை. பானையில் போட்ட அரிசி யாருக்கு என்பதுதான் முக்கியம்.

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

முன்னாள் மாணவர் சங்கம் என்பது என்ன? ஒரே ஊரில் பிறக்காத, ஒரே குடும்பத்தில் சேராத, ஒரே வாசல் வழியாக நுழைந்ததால் மட்டுமே உறவான ஒரு கூட்டம். அது மாநகரின் கண்டுபிடிப்பு. ஆனால் நடைமுறையில் நாம் எப்படி இருக்கிறோம்? கூடுகிறோம், சாப்பிடுகிறோம், குரூப் போட்டோ எடுக்கிறோம், கலைகிறோம். வசதி படைத்த நாலு பேர் பெரிய தொகை கொடுக்கிறார்கள். மீதிப் பேர் கை தட்டுகிறோம். விருதுபட்டித் தாய்மார்கள் அப்படி விட்டிருந்தால் அந்தப் பள்ளிக்கு மணி அடித்திருக்காது.

ஆகவே இரண்டு காரியம் சொல்கிறேன். முதலாவது, கொடுப்பதில் நாம் சிறுநகராக இருப்போம். பெரிய நன்கொடைக்குக் காத்திராமல், மாதாமாதம் ஒவ்வொரு செட்டும் ஒவ்வொருவரும் ஒரு பிடி. நூறு ரூபாயானாலும் சரி, விடாமல். இந்த மாதம் யார் போடவில்லை என்று போன் போட்டுக் கேட்கும் உரிமையும் நமக்குள் இருக்கட்டும். ‘என்னடே, இந்த மாசம் உன் அரிசி வரலையே?' என்று கேட்கக் கூட்டாளிக்கு உரிமை இல்லாவிட்டால் அப்புறம் என்ன கூட்டாளி!

இரண்டாவது, பெறுவதில் நாம் மாநகராக இருப்போம். குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம், மெஸ் பாக்கி, பஸ் பாஸ் என்று எது தேவையோ அது போகட்டும். விண்ணப்பத்தில் வருமானம் கேட்கலாம், மதிப்பெண் கேட்கலாம். ஊர், தெரு, இன்னாருக்குச் சொந்தம் என்ற விவரத்துக்குக் கட்டம் வேண்டாம். சிபாரிசுக் கடிதமும் வேண்டாம்.

இன்றைய மாணவத் தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் எந்தத் தெரு என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு மூன்று வருஷம் அவகாசம் உண்டு. தயவுசெய்து அதைத் தெரிந்துகொள்ளாமலே டிகிரி வாங்குங்கள். அவர் மத்தியானம் சாப்பிட்டாரா என்பதை மட்டும் தினமும் தெரிந்துகொள்ளுங்கள்.

பானையைச் சங்கப் பொருளாளர் மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மதிய உணவுக்கு முன்பே போட்டுவிட்டுப் போகும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.